ஆடில்லாத ஆட்டுத்தலை சூப்

"ஆட்டுத்தலை சூப்புல ஆடு வேணாமா? அப்ப கல்யாணத்துல மாப்பிள்ளையும் வேணாமா?"

லின்வல் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலி தாண்டி ஓடின. கையிலிருந்த கத்தியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. எதிரே, இதற்கென்றே வளர்த்த கிடா நின்று அசைபோட்டது.

"கத்தாதீங்கப்பா. ஓர்வில் கறி தொடமாட்டாரு. அவரு சடையைப் பாத்தீங்கல்ல? சாமிக்குன்னு சடை வளக்குறவங்களுக்குக் கறி ஆகாது. கறி வாசம் பட்டாலே கோப்பையைக் கீழ வெச்சிடுவாரு. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் மகள் மார்ஷலீ, கிடாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே.

லின்வல் மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே தடவை. இடுப்புவரை சடை தொங்கியது. பேசியதெல்லாம் கிரிக்கெட்.

வெஸ்ட்மோர்லண்ட் மலைப்பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள், மாமனார் தன் கையால் காய்ச்சிய ஆட்டுத்தலை சூப்பை மாப்பிள்ளை சொட்டு விடாமல் குடித்தாக வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். லின்வலுடையது சாதாரணக் கையும் இல்லை. அவர் சூப்பைக் குடித்த மாப்பிள்ளை வீட்டிலெல்லாம் பத்தாவது மாதம் தொட்டில் ஆடியிருக்கிறது. ஒரு வீட்டில் ஐந்தாவது மாதமே ஆடியது. அதற்கு சூப் பொறுப்பில்லை.

கத்தியை மரத்தில் ஓங்கிக் குத்திவிட்டு, அண்டாவை அடுப்பில் ஏற்றினார். பச்சை வாழைக்காய், சௌசௌ, சேனை, கேரட், மாவு உருண்டை. ஒவ்வொன்றையும் எதிரியின் தலை மாதிரி வெட்டினார்.

டோமினோ ஆட்டக் கூட்டாளி எரால் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தான்.

"லின்வலு, இது ஆட்டுத்தலை சூப் இல்ல. ஆடு குடிக்கிற சூப்பு."

"வாயை மூடுடா! என்ன குறை?"

"மெல்லுறதுக்கு ஒண்ணுமில்லையேய்யா."

லின்வல் பிஞ்சுப் பலாவைப் பிளந்து பால் கூடத் துடைக்காமல் போட்டார். கறி மாதிரியே நார் நாராக வந்தது. கூடவே பலாப்பாலும் வந்தது. கரண்டி அண்டாவுக்கு நடுவில் தானாக நின்றது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் அண்டாவே கூட வந்தது.

"மாப்பிள்ளை பல்லு ஒட்டிக்கிச்சுன்னா, நாளைக்கு சர்ச்சுல 'சம்மதம்'னு எப்படிய்யா சொல்லுவான்?"

"தலையை ஆட்டட்டும்!"

பசையை இளக்க இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். இளகியது. ருசியும் கூடவே போயிற்று.

"வாசமும் இல்லையே" என்றான் எரால்.

லின்வலின் நெற்றி நரம்பு புடைத்தது. விடுவிடுவென்று போய்க் கிடாவை அவிழ்த்து வந்து, காற்று வருகிற பக்கமாக அடுப்போரம் கட்டினார். "வாசம்தானே? இந்தா, உயிரோட இருக்கு!"

வாசம் வந்தது. கிடாவும் வந்தது. கயிற்றை நீட்டி, தாடியை நனைத்து, ஒரு மிடறு உறிஞ்சியது. பிறகு லின்வலைப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. முளையைப் பிடுங்கிக்கொண்டு அது சர்ச் பக்கமாக நடந்தது, ஓடக்கூட இல்லை.

"விடு, இப்பத்தான் கொஞ்சம் ஆடு சேர்ந்திருக்கு" என்றான் எரால்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் மலையேறி வரும் சத்தம் கேட்டது. லின்வல் கையில் அகப்பட்ட குண்டு மிளகாய் அத்தனையையும் போட்டார். வெள்ளை ரம்மைப் பாட்டிலோடு கவிழ்த்தார். அடுப்புத் தீ ஒருமுறை கூரையைத் தொட்டுவிட்டுக் கீழே வந்தது.

ஓர்வில் சடையை முடிந்துகொண்டு கோப்பையை வாங்கினான். முதல் வாயில் கண் சிவந்தது. இரண்டாவதில் காது. மூக்கு, கண், நெற்றி எல்லாம் ஒழுகின. ஆனால் கோப்பையை இறக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்து, கவிழ்த்துக் காட்டினான்.

"அருமை, மாமா" என்றான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

காலையிலிருந்து இறுகிக் கிடந்த லின்வலின் தாடை அப்போதுதான் தளர்ந்தது. மாப்பிள்ளையின் அத்தை இசில்டாவிடம் பெருமையாகத் திரும்பினார்.

"பாத்தீங்களா சம்பந்தி? என் கோபத்தையெல்லாம் அடக்கிக்கிட்டு, உங்க பையனுக்காகன்னே கறியில்லாம காய்ச்சினேன்."

இசில்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க பையனுக்காகவா? 'கறி வெட்டுறவன் வாசப்படி மிதிச்சா எங்கப்பா உசுர விட்ருவாரு'ன்னு உங்க பொண்ணு அழுதாளேன்னு, சந்தையில நல்லா ஓடிட்டிருந்த ஆட்டுக்கறிக் கடையை இழுத்து மூடிட்டு வந்து நிக்கிறான் சம்பந்தி அவன்!"