போனில் ஏலம் கேட்ட சீமாட்டி

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு (அன்பு எப்போதும்போல் இருந்தால் போதும், பொறுமை இன்றைக்குக் கொஞ்சம் தூக்கலாக வேண்டியிருக்கும்),

உன் தம்பி எழுதும் கடிதம். நானும் என் வீட்டுக்காரியும் நலம். மூக்குக்கண்ணாடிக் கடையும் ஏதோ நலம். நீ என் பொறுப்பில் விட்டுப்போன அத்தானும் உடம்பளவில் நலம். மகளும் பச்சைக் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள் என்று நீ சொன்னது எங்கள் வயிற்றில் பால் வார்த்தது. இதைப் போனில் பேசாமல் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை மடியில் இருந்தால் இறக்கிவிட்டுப் படி.

மகளின் பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "அவரை வீட்டுக்குள்ளயே அடைச்சுப் போடாதடா, வெளிய கூட்டிட்டுப் போ" என்றாய். போனேன். தினமும் என் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் தப்பு அதுதான். கடைக்குப் பக்கத்துக் கட்டடம் ஏலக் கம்பெனி. பழைய ஓவியம், பழைய நகை எல்லாம் ஏலம் விடுவார்கள். இந்த முறை பழைய கைக்கடிகாரங்கள். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், அனுமதி இலவசம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். இலவசம் என்ற சொல்லை அத்தான் தாண்டிப் போய் நீ பார்த்திருக்கிறாயா? உள்ளே ஏசி, கம்பளம், காபி. வெள்ளை உறை போட்ட கைகள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நம் பத்து வருட வருமானத்தை நம் மணிக்கட்டிலேயே கட்டிப் பார்க்கச் சொல்கின்றன. தண்ணீர் வாரியத்தில் குழாய் இன்ஸ்பெக்டராக இருந்தவரை அத்தானைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இங்கே "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார்கள். சாயம்போன சட்டையும் தேய்ந்த செருப்புமாக இவ்வளவு துணிச்சலாக உள்ளே வருகிறவர் பெரும் பணக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அத்தானும் அதை மறுக்கவில்லை.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. என் கடையின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் முள், சாவி, முகப்பு என்று அதே பேச்சு. புதிதாக ஒரு வாட்ச் வெளிவருகிறது என்று பெரிய ஷோரூம் ஒன்றுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். முந்நூறு மீட்டர் ஆழத்தில்கூடத் தண்ணீர் புகாது என்று விற்பனைப் பெண் சொன்னதுதான் தாமதம், இவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "டெஸ்ட் பண்ணீங்களா? உள்ள என்ன வாஷர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, பேர் பதிந்தால் இரண்டு வருடத்தில் கிடைக்கும் என்றது. "ரெண்டு வருஷம் காத்திருக்கறதுக்கு வாட்ச் எதுக்கும்மா, காலண்டர் போதுமே" என்றார் அத்தான். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

இதுவரைக்கும் சிரித்தாய் அல்லவா? இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை. ஏலக் கம்பெனிக்காரர்கள் ஒருநாள், வீட்டில் பழைய வாட்ச் இருந்தால் கொண்டுவாருங்கள், மதிப்புச் சொல்கிறோம் என்றார்கள். அத்தான் உங்கள் வீட்டுக்குப் போய் உன் பீரோவைத் திறந்திருக்கிறார். நீ முதல் சம்பளத்தில் வாங்கினாயே, புளியங்கொட்டை அளவு முகப்பும் பொடிச் சங்கிலியுமாக, மகள் பிறந்தபோது பிள்ளை உடம்பில் கீறிவிடும் என்று கழற்றிவைத்தாயே, அந்தத் தங்க வாட்ச். அக்கா, மூச்சை இழுத்துவிட்டுக்கொள்.

மதிப்பிடுகிறவர் அதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாராம். இந்த மாதிரி கொஞ்சம்தான் செய்தார்கள், அதிலும் ஒருதரம்கூடப் பாலிஷ் போடாமல் அசல் நிலைமையில் கிடைப்பது அபூர்வம் என்றாராம். "எங்க வீட்ல பாலிஷ் போட யாருக்குங்க நேரம்?" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஏலத்தில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தலையை ஆட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "எப்படி அத்தான் விக்க மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "விக்கறதா? யாரு விக்கறா? பாக்கறதுக்குத்தானே மச்சான் குடுத்தேன்!" என்றார். விளக்குப் போட்டு வைப்பார்கள், கேட்டலாக்கில் படம் போடுவார்கள், எல்லோரும் பார்த்து மெச்சுவார்கள், கடைசி நாள் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கைவேலைக் கண்காட்சி என்று நினைப்பு!

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் என்னை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீலத் துணிமேல் உன் வாட்ச் மினுங்கிக்கொண்டிருந்தது. கோட்டுப் போட்ட ஒரு ஆள் குனிந்து பார்த்து, "அழகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அத்தான் மெதுவாக, "உங்கக்கா கையில இருந்தப்ப நான் இதை ஒரு தடவைகூடச் சொல்லல மச்சான். வேலைக்கு லேட்டாச்சு, மணி என்னன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன்" என்றார். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை.

திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். கேட்டலாக் அச்சாகிவிட்டது, இனி முடியாது என்றார்கள். அத்தானே ஏலம் கேட்கலாமா என்றோம். பொருளைக் கொடுத்தவர் கேட்கக் கூடாதாம், அதுவும் அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. ஆகவே என் சொந்த அக்காவுக்காக என் சொந்தக் காசில் நானே எடுப்பது என்று முடிவாயிற்று. பேர் பதிந்து, எண் எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி, அந்தப் பக்கம் அத்தான். இவ்வளவு பொடி வாட்சை யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். அதன்படியே முதலில் ஒருவரும் கேட்கவில்லை. நான் அட்டையைத் தூக்கினேன். ஏலம் விடுகிறவர் சுத்தியலை ஓங்கிவிட்டார். அப்போது சுவரோரம் போனும் காதுமாக நின்ற பெண் கையைத் தூக்கியது. வெளியூரிலிருந்து யாரோ போனில் கேட்கிறார்களாம். "சரி மேடம், சரி மேடம்" என்று அது வாயைப் பொத்திக்கொண்டு பேசியதில், கேட்பது ஒரு பெண்பிள்ளை என்று தெரிந்தது.

நான் ஏற்றினால் அவள் ஏற்றுகிறாள். நான் மூச்சு விடுவதற்குள் அவள் அடுத்த படிக்குப் போய்விடுகிறாள். கடையின் ஒரு மாத வாடகையில் தொடங்கியது ஒரு வருட வாடகையைத் தாண்டியது. கூட்டமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரி தொடையில் கிள்ளி, "கையை எறக்குங்க, கடையையே தூக்கிக் குடுத்துடுவீங்க போல" என்றாள். அத்தான் முழங்கையால் இடித்து, "இன்னும் ஒரே ஒரு தடவை மச்சான், அவ விட்டுடுவா" என்றார். அவள் விடவில்லை அக்கா! என்ன பேராசை, என்ன பிடிவாதம்! எந்த ஊர்ச் சீமாட்டியோ, வீட்டில் ஏற்கெனவே நாற்பது வாட்ச் குவித்து வைத்திருப்பாள், கட்டிக்கொள்ளக் கைதான் போதாமல் இருக்கும். கடைசியில் என் கை தானாக இறங்கிவிட்டது. சுத்தியல் விழுந்தது. உன் வாட்ச் போய்விட்டது. "இவளையெல்லாம் கட்டிக்கிட்டு ஒருத்தன் எப்படித்தான் குடும்பம் நடத்தறானோ பாவம்" என்று அத்தான் மனம் நொந்து சொன்னார்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மணி கேட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். விற்ற பணம் வருமென்று நான் வாய்தவறிச் சொன்னதற்கு, அந்தப் பணத்தைக் கையால் தொடமாட்டேன் என்று என்மேல் எரிந்து விழுந்தார். அக்கா, அவர் செய்தது மடத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்மேல் இருக்கும் பிரியத்தில் செய்த மடத்தனம். திட்டுவதாக இருந்தால் முக்கால் பங்கு எனக்கு, கால் பங்கு அவருக்கு என்று பிரித்துத் திட்டு.

மகளுக்கு எங்கள் ஆசி. மருமகனை விசாரித்ததாகச் சொல். குழந்தையின் இரண்டு உள்ளங்காலிலும் மாமன் தாத்தாவின் முத்தம். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா அந்தக் கேட்டலாக்கை எனக்கு அனுப்பி, அம்மாகிட்ட சொல்லாதேன்னார். நான் உடனே சொல்லிட்டேன். அம்மாதான் போன்ல ஏலம் கேட்டு எடுத்திருக்காங்க. ஹால்ல எவனோ ஒரு பேராசை புடிச்சவன் அட்டையைத் தூக்கிட்டே இருந்தானாம், அவனை அன்னிலேருந்து திட்டிட்டிருக்காங்க" என்றாள். அந்தப் பேராசை பிடித்தவன் எழுதிக்கொள்வது: மேலே சீமாட்டியைப் பற்றி எழுதியதையெல்லாம் மன்னித்துத் தள்ளிவிடு. உங்கள் கணக்கிலிருந்து கிளம்பிய பணம் உங்கள் கணக்குக்கே திரும்பும், நடுவில் ஏலக் கம்பெனி வாங்கியவரிடமும் விற்றவரிடமும் கமிஷன் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவளுக்கு அது மேல இன்னும் ஆசை இருந்துச்சா?" பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஏலக் கம்பெனியிலிருந்து உன் பேரில் வாட்சை நான் வாங்கி வந்துவிட்டேன். பார்சலில் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை, தானே கொண்டுவருகிறார். ஆகையால் இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை கிடையாது, கொண்டுவந்த ஆள் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறார். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடு. அப்புறம் கையை நீட்டு. தானே கட்டிவிட வேண்டுமென்று என் மணிக்கட்டில் வைத்துப் பழகினார், அந்தப் பொடிக் கொக்கி அவர் விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை. அது மாட்டும்வரை கையை இழுத்துக்கொள்ளாதே.