பாடி அண்ணன் பேசிய ஒரு வரி

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாடி அண்ணனைப் போல அழகாகச் செத்தவர் இன்றுவரை யாரும் இல்லை. டிவி சீரியல்களில் பிணமாக, ஷூட்டிங் பாஷையில் 'பாடி'யாக, படுப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், ஆனால் தபால்காரரே "பாடி வூடு எது?" என்றுதான் கேட்பார்.

கதாநாயகியின் அப்பா, வில்லியின் புருஷன், லாரியில் அடிபட்ட யாரோ ஒருவர் என்று மாலை போட்டுக்கொண்டு கிடப்பார். நாலு பேர் மேலே விழுந்து புரண்டாலும் இமை அசையாது. ஒருமுறை காட்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் எழவில்லை. குறட்டை கேட்டுத்தான் எழுப்பினார்கள். "அது தூக்கம் இல்ல நைனா, ஆக்டிங்கு" என்று என்னிடம் சாதித்தார்.

தெருவில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போவார். இறந்தவரை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "தாடைய சரியா கட்டல, வாய் தொறந்துகினு கீது" என்று குறை சொல்வார். அடி வாங்காமல் தப்பியதே பெரிது.

அவர் மனைவி தனம் அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "ஒரு தபாவாவது உசுரோட வந்து பேசுய்யா, நான் பாக்கணும்!"

அண்ணனுக்கும் அதே ஏக்கம்தான். ஆனால் அறுபதைத் தாண்டியதும் வந்தது இருமல். ஒரு சீரியலில் மகன் கொள்ளிப்பானையைத் தூக்கிய நேரத்தில் பாடையில் கிடந்த அப்பா இருமினார். அதோடு அவரைக் கூப்பிடுவது நின்றது.

"பொணமா படுக்கக்கூட லாயக்கில்லாம பூட்டேன் நைனா. இனிமே இன்னாத்துக்கு ஆவறது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போன வருடம் சீரியல் கம்பெனி மேனேஜர் ஒருவர் இரக்கப்பட்டு வாட்ச்மேன் வேடம் கொடுத்தார். வசனமும் உண்டு: "ஐயா வெளிய போயிருக்காருங்க." ஷூட்டிங் வரைக்கும் குழாயடியிலும் மாடிப்படியிலும் அதையே சொல்லிப் பார்த்தார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் அதை நம்பித் திரும்பியே போய்விட்டார். "ஒரே டேக்கு, ஓகே ஆயிடுச்சு!" என்று ஷூட்டிங்கிலிருந்து வந்தவர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில் நிற்க இடமில்லை. தனம் அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார். திரையில் கேட் திறந்தது. அண்ணன் சல்யூட் அடித்தார். வாய் அசைந்தது. பேசியது வேறு யாரோ. இருமலே அறியாத ஒரு கனத்த குரல்.

"யார்யா அது? உன் கொரலு எங்க?" என்றார் அக்கா.

"டப்பிங் பண்ணிட்டானுங்கோ போலகீது, தனம்." என்றார் அண்ணன். "நல்லாத்தான் பேசிகீறான்."

ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் நடிக்கவே போகவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக அக்கா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். "ஏதாவது பேசுங்கண்ணா" என்கிறேன். இருமலுக்கு நடுவே இரண்டு வார்த்தை வரும், சில நாள் அதுவும் லேசில் வராது. டீ ஆறிப் போகும். அந்தக் கரகரத்த குரலைக் கேட்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை.