கண்டிஷன் அண்ணனும் நாற்பத்தொரு நிபந்தனைகளும்

இந்தப் பூமியில் நிபந்தனை போடாமல் தும்மக்கூடத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் கண்டிஷன் அண்ணன்தான். புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஆறு பேர். ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஆறாவது ஆளுக்கும் ஆவூர்ப் பக்கம் ஞானஸ்நானத்தில் ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் மேசை ஓரம் ஒரு கறுப்புக் குடை தொங்கும். கைப்பிடியில் லேமினேஷன் செய்த அட்டை. 'ஒன்று: யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டு: காயவைத்துத்தான் மடக்க வேண்டும். மூன்று: பிறருக்குக் கொடுத்தால் இந்த அட்டையோடு கொடுக்க வேண்டும். நான்கு: பஸ்ஸுக்குள் விரிக்கக் கூடாது.' நான் பொன்னமராவதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்கு நான்காவது புரியவில்லை.

"பஸ்ஸுக்குள்ள யாருண்ணே குடை விரிப்பா?"

"நீ ஏறுற பஸ்ஸோட கூரையப் பாத்திருக்கியாம்மா?" என்றார். அந்த மழைக்காலத்திலேயே நான் நான்காவது நிபந்தனையை மீறினேன்.

மதியம் அவர் கொண்டுவரும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் தாராளமாக ஊற்றுவார். நன்றாக இருந்தால் அவர் மனைவிக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும். நன்றாக இல்லையென்றால் செத்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஜெகதாப்பட்டினத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே ஒரு தாள் நிறைய நிபந்தனை எழுதிக்கொண்டு போனவர் அவர். பெண் வாங்கிப் படித்துவிட்டு, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க" என்றாராம். கிழித்தார். கல்யாணம் நடந்தது.

இப்படிப்பட்டவர் ஒரு சாஃப்ட்வேர் எழுதி அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கக் கிளம்பினார்.

காரணம், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியின் தம்பி சேவியர். விசைப்படகில் போகிறவன். ஒருமுறை மீன் பின்னாலேயே போய் கடல் எல்லையைத் தாண்டி, பிடிபட்டு, ஒன்றரை மாதம் அந்தப் பக்கத்துச் சிறையில் இருந்தான். அத்தனை நாளும் அக்கா சமைத்தார், சாப்பிடவில்லை. அண்ணனின் டிபன் பாக்ஸ் எப்போதும்போல வந்தது. ஆனால் யாரையும் அவர் போன் போடச் சொல்லவில்லை. சேவியர் வீடு வந்து சேர்ந்த வாரமே அண்ணன் எழுத உட்கார்ந்துவிட்டார். படகு எல்லையை நெருங்கினால் கத்தி எச்சரிக்கிற புரோகிராம். குரலும் அண்ணனுடையதுதான். "அங்கிட்டுப் போகாதீங்க! இங்கிட்டுத் திரும்புங்க!" என்று அது போட்ட கூச்சலில் கீழே பாத்திரக்கடைக்காரர் மாடியேறி வந்து என்ன கலவரம் என்று விசாரித்தார்.

படகுகளுக்குத் திசை காட்டும் கருவி செய்து தருகிற சின்னக் கம்பெனி ஒன்று, இதைத் தங்கள் கருவிக்குள் சேர்த்து எல்லாப் படகுக்கும் தருவதாகச் சொன்னது. மீன்பிடித் தடைக்காலம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. முடிந்ததும் படகுகள் கிளம்பிவிடும். 'எந்த லைசென்ஸில் தருகிறீர்கள்?' என்று ஒரு வரி மட்டும் கேட்டிருந்தார்கள்.

அது நியாயமான கேள்வி. புரோகிராமை இணையத்தில் சும்மா போட்டுவைத்தால் போதாது. இன்னின்ன செய்துகொள்ளலாம் என்று எழுதித் தராதவரை அடுத்தவர் அதைத் தொடக் கூடாது. அப்படி எழுதித் தருவதுதான் லைசென்ஸ். அதையும் பெரியவர்கள் பல தினுசில் ரெடிமேடாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிடித்ததை எடுத்து ஒட்டினால் ஐந்து நிமிட வேலை.

ஆனால் அண்ணன் ரெடிமேட் சட்டைகூடப் போடாதவர். சொந்தமாக எழுதினார். நாற்பத்தொரு நிபந்தனைகள்! ஏழாவது, குடித்துவிட்டுப் படகு ஓட்டுகிறவர் பயன்படுத்தக் கூடாது. இருபத்திரண்டாவது, குரலை மாற்றினால் இதைவிட நல்ல குரலாக இருக்க வேண்டும். முப்பதாவதைப் படித்த சேவியர் ஆபீஸுக்கே வந்துவிட்டான்.

"மச்சான், எல்லைக் கோட்டைத் தாண்டுறவன் இதைத் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா மாப்ள. ஒழுங்கா இருக்கவனுக்குத்தான் இது."

"ஒழுங்கா இருக்கவனுக்கு இது எதுக்கு மச்சான்? மீனு எங்கிட்டு ஓடுதோ அங்கிட்டுத்தான் நாங்க ஓடுவோம். தாண்டப் போறவனப் பாத்துத்தான கத்தணும்?"

அண்ணன் பேனாவை எடுத்து முப்பதை அடித்தார். பல் பிடுங்கிக்கொண்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. மிச்ச நாற்பதையும் கம்பெனி ஏற்கவில்லை. இப்படி ஆளைப் பார்த்துத் தடுத்தால், எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தருகிற திறந்த மென்பொருள் என்றே இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பதில் வந்தது. எட்டு நாள்தான் மிச்சம்.

நான் ரெடிமேட்களில் இரண்டை எடுத்துக் காட்டினேன். முதலாவது பெரியது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதையோ வேறொன்றோடு சேர்த்ததையோ பிறருக்குக் கொடுத்தால் உள்ளே எழுதியதையும் இதே நிபந்தனையோடு திறந்து காட்ட வேண்டும். அண்ணன் அதை வரி விடாமல் படித்தார். கண் பளபளத்தது. "ஏம்மா, இது நம்ம குடை அட்டையில மூணாவதுல்ல? என்னய மாதிரியே ஒருத்தன் இருந்திருக்கான் பாரேன்!"

கம்பெனி அதற்கும் மறுத்தது. தங்கள் கருவியின் புரோகிராமைத் திறந்து காட்ட அவர்களுக்கு மனமில்லை. இரண்டாவதாக நான் காட்டியது குட்டி. என் பெயரை அழிக்காதே, ஏதாவது ஆனால் நான் பொறுப்பல்ல, மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அவ்வளவுதான்.

"இது லைசென்ஸா, பஸ் டிக்கெட்டா?" என்று எகிறினார். "நான் தெறந்து குடுக்கிறத அவன் வாங்கிப் பூட்டி வப்பானாம்!"

சேவியர்தான் கேட்டான். "பூட்டி வச்சா கத்துமா, கத்தாதா மச்சான்?"

"கத்தும்."

"அப்புறம் என்ன?"

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டார். ஆனாலும் இரண்டு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எது தடுக்கிறது என்று கேட்டேன். "இவன் கடல்ல நிக்கிறான். நான் பொறுப்பில்லைன்னு எப்படிம்மா எழுதுறது?" என்றார். அவர் குரல் அவ்வளவு மெல்ல வந்து நான் கேட்டதே இல்லை.

"பொறுப்பில்லைன்னுதாண்ணே போட்டிருக்கு. அக்கறை இல்லைன்னு போடலையே" என்றேன்.

தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது குட்டி லைசென்ஸோடு புரோகிராம் வெளியானது. படகுகள் கிளம்பின. சில வாரம் கழித்து ஒரு மதியம் சேவியர் போன் செய்தான். "மச்சான், நேத்து நீங்க கத்துன கத்துல, ஐஸ் அள்ளிக்கிட்டு இருந்தவன் சட்டிய விட்டுட்டான். டக்குனு திருப்பிட்டோம். ஒங்க அக்கறைக்கு ஒரு அளவு இல்லையா?" அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கருவாட்டுக் குழம்பில் ஒன்றிரண்டு சொட்டு உப்பு கூடியது.

இன்றைக்கும் இணையத்தில் அந்தப் புரோகிராமைத் திறந்தால், அறிமுகப் பக்கத்தின் அடியில் அவர் எழுதிய வரி இருக்கும். 'இது நிபந்தனை அல்ல. சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள், வீட்டில் சாப்பிடாமல் இருப்பார்கள்.'

பிறகு அவர் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். கடைசி நாள் குடையை என் கையில் கொடுத்தார். கைப்பிடியில் அட்டை இல்லை.

"கண்டிஷன் என்னண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா, வச்சுக்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் குடையை இன்றுவரை நான் காயவைத்துத்தான் மடக்குகிறேன்.