சிவப்பு நூல் ஆடவில்லை, மாமா

மரியாதைக்குரிய தார்சீசியோ மாமாவுக்கு இலேனியா எழுதிக்கொள்வது.

சிவப்பு நூல் ஆடவில்லை. கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று தெரியும். அத்தையின் முழங்கால், உங்கள் வண்டியின் பிரேக் எல்லாவற்றையும் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை. திங்கட்கிழமை காலை அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் பெருக்கப் போனபோது நான் முதலில் பார்த்தது அந்த நூலைத்தான். பழுதுபார்க்க வரும் வால்டெர் காற்று வெளியேறும் சல்லடையில் அதைக் கட்டிவிட்டு, "இது ஆடுற வரைக்கும் யாரும் பயப்பட வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அது செத்த புழு மாதிரி தொங்கியது. அன்றிலிருந்து நான் பயந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர், உங்களுக்கு உடனே புரியும். எங்கள் இயந்திரத்துக்குப் பட்டில் மை தெளிக்கப் பதினாறு தலைகள். ஒவ்வொரு தலைக்கும் அதை ஓட்டுகிற மின்பலகை ஒன்று. பதினாறு பலகைகளும் ரொட்டிப் பெட்டி அளவு இடத்தில் சீட்டுக்கட்டு போல நெருக்கி நிற்கின்றன, ஓட ஓடக் கொதிக்கின்றன. விசிறி பக்கவாட்டிலிருந்து காற்றை இழுத்து, அவற்றின் இடுக்கில் ஊதி, பின்பக்கச் சல்லடை வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தச் சல்லடைக்கு நேராகத்தான் துணியைச் சரிபார்க்கும் ஃபியோரென்ஸா அம்மாவின் நாற்காலி. வெதுவெதுப்பான காற்றுதான், ஆனாலும் காற்று காற்றுதானே மாமா, நாள் முழுக்கப் பிடரியில் அடித்தால் யார் தாங்குவார்கள்? போன வெள்ளிக்கிழமை அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைக் கூப்பிட்டதைப் பார்க்கச் சகிக்காமல், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்த பச்சைச் சால்வையைக் கொடுத்தேன். கழுத்தில் சுற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சல்லடையின் மூடியைத் திறந்து அதை உள்ளே திணித்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை நூலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் பச்சைக் குஞ்சமும், அத்தை தைத்துக் கொடுத்த என் பெயரின் முதல் எழுத்தும்.

"அம்மா, அது... அந்தச் சால்வை..." என்றேன்.

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன். மூணு வருஷமா இல்லாத சுகம்டி! இந்தா பாரு, கழுத்து எப்படித் திரும்புது. முதலாளிகிட்ட மூச்சு விடாதே."

விடவில்லை. எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன், உங்களுக்குத் தெரியாததா? செவ்வாய்க்கிழமை துணியில் நிறம் மாறத் தொடங்கியது. மிலானுக்கு வெள்ளிக்கிழமை போகவேண்டிய முந்நூறு மீட்டர் பட்டு, இளநீல வானத்தில் குருவிகள். சூட்டில் மை இளகிச் சொட்டு பெரிதாகி, வானம் மழைக்கு இருட்டியதுபோல் ஆகிவிட்டது. அம்ப்ரோஜோ முதலாளி மை விற்றவரைத் திட்டினார், பிறகு ஏரியிலிருந்து வரும் ஈரத்தைத் திட்டினார். மதியம் ஆறாவது தலை ஒரேயடியாக நின்றுபோய், வந்த குருவிக்கெல்லாம் கழுத்தில் வெள்ளைக் கோடு. திரையில் எழுபத்தெட்டு டிகிரி என்று சிவப்பாக மினுக்கியது.

"காய்ச்சல்," என்றார் ஃபியோரென்ஸா அம்மா. "குளிர் காத்து பட்டிருக்கு. மெஷினுக்கும் கழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முதலாளி இதை நம்பினார் மாமா! ஜன்னல்களை அடைத்தார், குளிர்சாதனத்தை நிறுத்தினார், பெர்கமோவிலிருக்கும் வால்டெரைத் தொலைபேசியில் பிடித்தார். எதிர்முனையில் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"காத்து நல்லா போகுதான்னு பாத்தீங்களா?"

"காத்தா? இங்க காத்துக்கு என்னப்பா குறைச்சல், அதுதானே வினையே! எல்லாத்தையும் நானே அடைச்சிட்டேன். நீ கவலைப்படாதே."

வால்டெர், "வியாழக்கிழமை காலையில நானே வர்றேன், எதையும் தொடாதீங்க" என்று வைத்துவிட்டார். முதலாளி எங்கள் பக்கம் திரும்பி, பலகை எரிந்தால் வேறு பலகை வர மூன்று வாரம் ஆகும், மிலான் வேலை போய்விடும், மெஷினில் கை வைத்தவர் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஃபியோரென்ஸா அம்மா எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினார். கழுத்துதான் குணமாகிவிட்டதே. தான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு வால்டெர் மூடியைத் திறப்பார், என் சால்வை வெளியே வரும், இவளுக்காக நான் சிபாரிசு செய்தேனே என்று நீங்கள் ஊர் முன்னால் தலைகுனிவீர்கள்.

அதனால் மாமா, இன்று புதன், சாயங்காலமே லெக்கோவிலிருந்து புறப்பட்டு வந்து, என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி என்னைக் கூட்டிப் போய்விடுங்கள். உங்கள் கடையில் ஃப்ரிட்ஜ் துடைக்கிறேன், யாரோடும் பேச வேண்டாத வேலை எதுவானாலும் செய்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் மை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பால்காரர் இன்று உங்கள் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தைக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். மாதா உங்கள் வண்டியையும் உங்களையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பயத்துடன், உங்கள் மருமகள்
இலேனியா

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். பால்காரர் வண்டியைக் கிளப்புவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். இடைவேளை முடிந்து இயந்திரத்தை ஓட்டியதும் திரை மறுபடி அலறியது, இப்போது ஏழாவது தலை. எல்லோரும் திரையைப் பார்க்க ஓடினார்கள், ஃபியோரென்ஸா அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்து சால்வையை உருவினேன். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சுட்டது. நூல் எழும்பி ஆடியது. "ஐயோ காத்து!" என்று அவர் கத்தினார், முதலாளியும் திரும்பிப் பார்த்தார். நான் அந்தச் சூட்டோடே சால்வையை அவர் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டேன்.