மூன்றாவது சிவப்புச் சீட்டு

"மாட்டவே மாட்டேங்குது டேல்! சிலிண்டர் மரையும் குழாய் மரையும் சேரல."

டுலூத் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர் ஆர்லீன் டோலெஃப்சன், புதிதாக வந்திறங்கிய சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். நைட்ரஜன் கேட்டு மூன்று வாரமாகக் காத்திருந்தவள்.

பத்து மணிக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் மில்டன் குரூகர் வருகிறார். பத்தொன்பது வருடமாகச் சிரிக்காதவர். சிரிப்பதற்கான தசையே அவருக்கு அமையவில்லை என்பது உள்ளூர் மருத்துவர்களின் கருத்து. இந்த ஆண்டில் இரண்டு முறை சிவப்புச் சீட்டு கட்டிவிட்டார். மூன்றாவதும் விழுந்தால் ஆய்வகத்துக்குப் பூட்டு. ஆர்லீனுக்கு வேலை போய்விடும்.

ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்துதரும் டேல், ஒரு பித்தளை இணைப்புத் துண்டோடு வந்தான். "சேராததை எல்லாம் இது சேர்த்து வைக்கும். என் கல்யாணத்தப்பவே கிடைச்சிருக்கணும்."

"நடுவுல துண்டு வெச்சா குரூகர் கொன்னே போடுவாரு!"

"மேல வெள்ளை டேப்பைச் சுத்திட்டா யாருக்குத் தெரியும்?"

சுற்றினார்கள். ஆர்லீன் வால்வைத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. ஸ்பானரால் முறுக்கினாள். நான்கு குமிழி. இன்னும் முறுக்கினாள். நாற்பது. ஒவ்வொன்றுக்குள்ளும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஏரி குட்டியாக, அதில் ஒரு குட்டிக் கப்பல், அதன் மேல் குட்டிப் பனி.

"ஐயோ, காத்துல காரிடார் பக்கம் பறக்குது. ஜன்னலைச் சாத்து! விசிறியையும் நிறுத்து!"

டேல் செய்தான். குமிழிகள் அடங்கி, மேசை மேல் இறங்கி உட்கார்ந்தன. வெளியே பனி விழுகிறதா, கட்டடம் மேலே போகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"வால்வை மூடணும்ல?" என்றாள் ஆர்லீன், ஸ்டூலில் சாய்ந்து.

"மூடலாம். அவசரமா?"

"சேச்சே. அவசரம் ஒண்ணுமில்ல."

குரூகர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"யார் இந்த டேப்பைச் சுத்துனது?"

ஆர்லீன் ஸ்டூலில் இருந்தபடியே கையைத் தூக்கினாள். "நான்தான் சார்."

அவர் குனிந்தார். இணைப்பில் மூக்கு படும் தூரத்தில் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மூன்று நிமிடம்.

"என்ன ஒரு மடிப்பு!" என்றார். "எங்க அம்மா போர்வை இப்படித்தான் மடிப்பாங்க."

சிலிண்டரின் லேபிளை இரண்டு முறை வாசித்தார். "எழுத்து ரொம்ப லட்சணமா இருக்கு."

சுவரோடு கட்டிய சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "இறுக்கமா இருக்கே. பாவம், வலிக்காதா?"

"நாங்களும் அதைத்தான் யோசிச்சுட்டிருந்தோம் சார்," என்றான் டேல், கண்கலங்கி.

குரூகர் பையிலிருந்து, எல்லாம் சரி என்று கட்டும் பச்சைச் சீட்டுகளை எடுத்தார். சிலிண்டருக்கு ஒன்று கட்டினார். ஆர்லீனின் கோட்டுப் பொத்தானில் ஒன்று, டேலின் காதில் ஒன்று, தன் கழுத்துப் பட்டையில் இரண்டு. பிறகு, இல்லாத அந்தத் தசையால், வாய்கொள்ளாமல் சிரித்தார். குமிழிகள் மரியாதையாக விலகி வழிவிட்டன.

கதவு திறந்தது. தொப்பியில் பனியோடு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க, சிலிண்டரை இடம் மாத்தி இறக்கிட்டேன். இது பல்லு புடுங்கறப்போ குடுக்கற சிரிப்பு வாயு. எதிர்த்தெரு பல் டாக்டர் காலையிலேருந்து ஒருத்தரை வாயைத் தொறந்து உக்கார வெச்சிருக்காரு!"