யானையைவிட உயரமான படிப்பு

பிளஸ் டூ மார்க் வந்த அன்று, பேப்பரை மடித்து வைத்த கையோடு ராமசுப்பு ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். மகள் செண்பகம் என்ன படிக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யப் போவதில்லை. செண்பகமும் முடிவு செய்யப் போவதில்லை. தங்கப்பாண்டியன் முடிவு செய்வார். தங்கப்பாண்டியன் தன் மகனை எதில் சேர்க்கிறாரோ, அதைவிட ஒரு படி மேலான எதிலாவது செண்பகம் சேருவாள்.

தங்கப்பாண்டியன் அவருடைய சகலை. மனைவி அழகுத்தாயின் அக்கா பொன்மணியைக் கட்டியவர். இருவருக்குமே கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. ராமசுப்புவின் வயிற்றெரிச்சலுக்கு அது ஒரு தூரமே இல்லை.

தங்கப்பாண்டியன் தீப்பெட்டி லேபிளில் யானைப் படம் போட்டார். இவர் ஒட்டகச்சிவிங்கி போட்டார். யானையைவிட உயரம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அவர் பசுவந்தனைப் பக்கம் வாங்கிய கரிசல் காட்டில் முந்நூறு அடிக்குப் போர் போட்டார், தண்ணீர் இல்லை. இவர் பக்கத்திலேயே காடு வாங்கி நானூறு அடிக்குப் போட்டார், தண்ணீர் இல்லை. ஆனாலும் தண்ணீர் இல்லாமல் போனதில் தன்னுடைய போர்தான் ஆழம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வருஷத்தில் பிளஸ் டூ முடித்துத் தொலைத்தார்கள். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கம்ப்யூட்டர் படித்தவனை அமெரிக்காக்காரன் ஏர்போர்ட்டுக்கே வந்து மாலை போட்டுக் கூட்டிப் போகிறான் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. தங்கப்பாண்டியன் மெயின் ரோட்டில் நின்று, "எங்க விஜயராஜுக்குக் கம்ப்யூட்டர்தான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். ராமசுப்பு அதே இடத்தில் நின்று, "எங்க செண்பகத்துக்கும் கம்ப்யூட்டர்தான், அதுவும் அவனுக்குக் கிடைக்காத காலேஜ்ல" என்று எட்டு பேர் கேட்கச் சொன்னார்.

செண்பகத்தின் ஆசையோ வேறு. அதற்குக் காரணமே அப்பாவின் ஒட்டகச்சிவிங்கிதான். லேபிள் அச்சாகி வரும்போதெல்லாம் அதன் புள்ளிகள் உடம்பில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி ஆகாயத்தில் நிற்கும். சின்ன வயசிலிருந்து அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: புள்ளி ஏன் வெளியே போகிறது? சிவகாசியில் லேபிள் எடுக்க அப்பா போகும்போதெல்லாம் கூடவே போய், ஆப்செட் மெஷின் பக்கத்தில் நின்று, ஒரு கலர்மேல் இன்னொரு கலர் எப்படி உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பொட்டு வைக்கவே பொறுமை இல்லாத பெண், அங்கே மட்டும் அசையமாட்டாள்.

"அப்பா, பிரிண்டிங் டெக்னாலஜின்னு ஒரு இன்ஜினீயரிங் இருக்கு. நான் அதுல சேரட்டா?"

"அச்சாபீஸ் வேலைக்கு ஒரு படிப்பா?"

"மெஷின், மை, பேப்பர், எல்லாம் உண்டுப்பா. அதுலயும் கம்ப்யூட்டர் வருது."

"வந்துட்டுப் போவட்டும். உங்க பெரியப்பா என்ன கேப்பாரு தெரியுமா? 'தம்பி, கல்யாணப் பத்திரிகை அடிக்கணும், மவகிட்டச் சொல்லுதீங்களா'ன்னு கேப்பாரு. அதுக்கு நான் தண்டவாளத்துல தலைய வைக்கலாம்."

செண்பகம் அன்று சாப்பிடவில்லை. நாலு வருஷம், பிடிக்காத ஒன்றை, பெரியப்பாவுக்காகப் படிக்க வேண்டுமா என்று அம்மாவிடம் அழுதாள். அழகுத்தாய் மகளின் தலையைத் தடவிவிட்டாளே தவிர, புருஷனிடம் சண்டைக்குப் போகவில்லை. சண்டை என்று வந்தால் ராமசுப்பு ஜெயித்துவிடுவார். அதனால் அவள் சேலையை மாற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே ராமசுப்பு ஆரம்பித்தார்.

"என்ன, அக்கா வீட்டுல ஏதும் விசேஷமா?"

"ஒண்ணுமில்ல. அடுத்த வீட்டுக் கதை நமக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாதான? அப்ப விடுங்க."

"ஏட்டி, சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லாதன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கா."

"யார்கிட்டயும்னா, அதுல நானுமா?"

"மொதல்ல நீங்கதான்."

ராமசுப்பு இட்லியை ஒதுக்கிவைத்தார். பசி போய்விட்டது. தங்கப்பாண்டியன் தன்னிடம் மறைக்கிற ஒரு விஷயம் இந்த உலகத்தில் இருக்கிறது என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இட்லி இறங்காது.

"சொல்லப் போறியா, இல்லையா?"

அழகுத்தாய் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கம்ப்யூட்டருங்கது ஊருக்குச் சொல்லுத பேச்சாம். அத்தான் உள்ளுக்குள்ள வேற குறி வச்சிருக்காவ. சிவகாசியில ஆள் விட்டு விசாரிச்சிருக்காவ. அதுல சீட்டே கொஞ்சம்தானாம். படிச்சு முடிச்சவன் பின்னால பிரஸ்காரங்க வரிசையில நிப்பாங்களாம்."

"எதுல?"

"என்னமோ பேரு சொன்னா. நம்ம புள்ளகூட அன்னைக்கு உளறிக்கிட்டு இருந்தாளே, பிரிண்டிங்கோ என்னமோ."

ராமசுப்பு தட்டை விட்டு எழுந்தே விட்டார். "எம்புள்ள சொன்னது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அத எப்படி நான் கண்டேன்? நீங்க எதுக்கு மூச்சு வாங்குதீங்க? நமக்கு அதெல்லாம் வேண்டாம். அத்தான் அளவுக்கு நமக்கு விவரம் பத்தாதுங்க. எல்லாரும் போற கம்ப்யூட்டருக்கே நாமளும் போவோம்."

'அத்தான் அளவுக்கு விவரம் பத்தாது' என்ற வார்த்தையை அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராமசுப்புவின் காதில் அது அன்று முழுக்க ஓடியது. தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். எதிர்காலம் தெரிந்தது. சிவகாசியில் விஜயராஜ் பெரிய பிரஸ் வைத்திருக்கிறான். தமிழ்நாட்டுத் தீப்பெட்டி லேபிள் அத்தனையும் அங்கேதான் அச்சாகிறது. ராமசுப்பு ஒட்டகச்சிவிங்கியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தங்கப்பாண்டியன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்கிறார்: "புள்ளி உள்ள வேணுமா தம்பி, வெளிய வேணுமா?"

அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நேரே வீட்டுக்கு வந்தார்.

"செண்பகம்! நீ பிரிண்டிங்தான் படிக்கப்போற."

செண்பகம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ அப்பா, நான் கம்ப்யூட்டருக்கு மனச மாத்திக்கிட்டேனே."

"மாத்தினத திரும்ப மாத்து. இந்த விஷயம் இந்த வாசலத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, தொலைச்சுப்புடுவேன்."

சென்னையில் கவுன்சலிங் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் வந்தது. செண்பகத்துக்கு மார்க் சற்றுக் கூட. அதனால் அவளுக்குக் காலையில், விஜயராஜுக்கு மத்தியானம். இந்த அரை நாள் முன்னிலையை ராமசுப்பு அரை ராஜ்யம் போலக் கொண்டாடினார். ஸ்டேஷனில் சகலைகள் இருவரும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டார்கள்.

"என்ன தம்பி, கம்ப்யூட்டர்தான?"

"கம்ப்யூட்டரேதான் அண்ணாச்சி. உங்களுக்கு?"

"நமக்கும் அதேதான். வேற எதுல இருக்கு சோறு?"

இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள். 'பொய்யப் பாரு, பொய்ய' என்று ராமசுப்பு மனசுக்குள் கறுவிக்கொண்டே தன் பெட்டியில் ஏறினார்.

கவுன்சலிங் ஹாலில் பிள்ளையோடு ஒருவருக்குத்தான் இடம். பெரிய திரையில் காலேஜ் பெயரும் மிச்சமிருக்கும் சீட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பிரிண்டிங்குக்கு எதிரே இருந்த சிறிய எண், ஒருதரம் கண் சிமிட்டி இன்னும் ஒன்று குறைந்தது. தங்கப்பாண்டியனே உள்ளே ஒளிந்திருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறாரோ என்று ராமசுப்பு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு, பாருங்க," என்றாள் செண்பகம்.

"அதப் பாக்காத."

"நல்ல காலேஜ்ப்பா. நல்லா யோசிச்சுக்கிடுங்க. பொறவு மாத்த முடியாது."

"ஏட்டி, பிரிண்டிங்க அமுக்கு! அமுக்குதியா, நான் அமுக்கட்டா?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "சார், படிக்கப் போறது அவங்கதானே?" என்று கேட்டார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா ஆசை மேடம்," என்றாள். சீட்டு உறுதி என்று தாள் கையில் வந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் கை நழுவிப்போன துக்கம் என்று நினைத்த ராமசுப்பு அவள் தோளைத் தட்டினார். "அழாத. அப்பா எது செஞ்சாலும் உன் நல்லதுக்குத்தான்." அவள் இன்னும் அதிகமாக அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை, பாவம்.

அதன்பிறகு அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. வெளியே ஒரு மரத்தடியில் இடம் பிடித்து, தங்கப்பாண்டியன் தொங்கிய முகத்தோடு வெளியே வருவதைக் கண்ணாரப் பார்க்கக் காத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டார். சாயங்காலம் தங்கப்பாண்டியன் வந்தார். முகம் தொங்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"வருத்தப்படாதீங்க அண்ணாச்சி," என்று முந்திக்கொண்டார் ராமசுப்பு. "நீங்க குறி வச்சிருந்த பிரிண்டிங்க நான் எடுத்துட்டேன். தொழில்னா அப்படித்தான்."

"பிரிண்டிங்கா? அச்சாபீஸ் படிப்பு எனக்கு எதுக்குவே?" தங்கப்பாண்டியன் விழித்தார். "நீரு நெனச்சிருந்த டெக்ஸ்டைல நான்லா எடுத்துட்டேன். மனசு கஷ்டப்படுவீரேன்னு எப்படிச் சொல்லன்னு முழிச்சுக்கிட்டு வாரேன்."

"டெக்ஸ்டைலா? நான் எப்பய்யா டெக்ஸ்டைல நெனச்சேன்?"

"மகள டெக்ஸ்டைல் படிக்க வச்சு, ஸ்பின்னிங் மில் வைக்கப் போறீரு, நம்ம கரிசக்காட்டுப் பருத்தி பூராத்தையும் வளைச்சுப் போடப் போறீருன்னு…"

"யாரு சொன்னா?"

"பொன்மணி. உமக்கு யாரு சொன்னா?"

"அழகுத்தாய்."

இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் நின்ற பக்கம் திரும்பினார்கள். தூரத்தில் செண்பகமும் விஜயராஜும் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். விஜயராஜ் எட்டாங்கிளாஸிலிருந்தே மில் மில்லாகச் சுற்றுகிற பையன் என்பது தங்கப்பாண்டியனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ராமசுப்பு பேச வேண்டிய வசனங்களைத் தயார் செய்தார். கோவில்பட்டி ஸ்டேஷனில் தங்கப்பாண்டியன் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்க, இவர் அவருக்கு முன்னால் கிளம்பி, பையைக்கூட வைக்காமல் வீட்டு நடுவில் போய் நின்றார்.

"நீயும் உங்க அக்காளும் சேந்து எங்க ரெண்டு பேரையும் கேணையனாக்கிட்டீங்க, அப்படித்தான?"

"ஆமா," என்றாள் அழகுத்தாய்.

இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வசனம் பூராவும் வீணாகப் போயிற்று.

"சீட்ட அமுக்கச் சொன்னது நானா, நீங்களா?" என்று கேட்டாள். "புள்ள மொகத்தப் பாருங்க. இந்த மொகத்த நான் எத்தன நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன்."

செண்பகம் பழைய லேபிள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆகாயத்தில் நின்ற புள்ளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராமசுப்புவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை மரியாதைக்காக வைத்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்க. இன்னியோட சரி. இனிமே தங்கப்பாண்டியன் அது செஞ்சாரு, இது செஞ்சாருன்னு நீ என்ன சொன்னாலும் என் காதுல ஏறாது. அந்த ஆளுக்கும் எனக்கும் இனிப் போட்டி கிடையாது. முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சது நல்லதுதான்," என்று சொல்லி அழகுத்தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலையிலருந்து ஒரே வலி. இனி எந்திரிச்சுக் காப்பி வேற போடணும். எங்க அக்கா குடுத்து வச்சவ. அத்தான் ரயிலவிட்டு எறங்கி வந்த கையோட, 'நீ உக்காரு பொன்மணி'ன்னு சொல்லி, தானே காப்பி போட்டுக் குடுத்தாவளாம்."

ராமசுப்பு ஏளனமாகச் சிரித்தார். தங்கப்பாண்டியன் இன்னும் ஸ்டேஷன் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார். வீட்டுக்கே போய்ச் சேராத மனுஷன் எப்படிக் காப்பி போட முடியும்? முழுப் பொய். பச்சைப் பொய். இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு பையை மூலையில் வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்படிக்குள் போனார்.

"ஏட்டி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "அவரு போட்டது சீனிக் காப்பியா, கருப்பட்டிக் காப்பியா?"