எல்ம்ஃபீல்ட் சங்கம் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம்

பூமியில் அடிமைத்தனம் என்றைக்கு ஒழிந்தாலும், ஒழித்த புகழில் பெரும்பங்கு ஒஹையோ மாநிலத்து எல்ம்ஃபீல்ட் ஊருக்கே சேரும். எங்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் பதினோரு ஆண்டுகளில் இருநூற்றுப் பதின்மூன்று கண்டனத் தீர்மானங்கள், ஒன்றுகூடத் தோற்றதில்லை. அத்தனையையும் அழகாகப் படியெடுத்துத் தெற்கத்தித் தோட்ட முதலாளிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் படித்து நடுநடுங்கிப் போயிருப்பதாகவே கருத வேண்டும். ஒருவரும் மறுத்துப் பதில் எழுதவில்லை. கடிதப் போக்குவரத்துச் செயலாளர் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

1851 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் தேவாலயத்தில் மாதக் கூட்டம் தொடங்கியது. தலைவர் டீக்கன் குட்ரிச், சகல மனிதரும் சமமே என்று ஜெபித்து முடிப்பதற்குள் தாமார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டென்னசித் தோட்டத்திலிருந்து தப்பி வந்து, இரண்டு வருடமாக எங்கள் ஊரில் துணி வெளுக்கும் கறுப்பினப் பெண். தப்பிய அடிமையைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம், உதவுவோருக்குச் சிறை என்ற முந்தைய ஆண்டுச் சட்டம் ஒஹையோவிலும் செல்லும், கனடாவில் செல்லாது. மாடிப்படிக்குக் கீழே அவளுக்கென்று ‘சமத்துவத்துடன்’ ஒதுக்கிய பெஞ்சில் உட்காராமல் நேரே நடுவில் வந்து நின்றாள்.

“ஐயாமாரே, என்னைப் பிடிக்கத் தோட்டத்து ஆள் வந்துட்டான். சத்திரத்துல பன்னிக்கறி தின்னுக்கிட்டிருக்கான். வாரண்டோட சர்க்கார் மார்ஷல் ஆறு மணி கோச்சு வண்டியில வர்றாராம். கனடா கப்பல் எட்டு மணிக்குக் கிளம்புது. ஏரிக்கரை பதினாலு மைல். டீக்கனையா வண்டி வாசல்லயே நிக்குது. குடுத்தீங்கன்னா பொழைச்சுக்குவேன்.”

டீக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவர் தலைவர் அல்லவா?

“உன் கஷ்டம் புரியுது தாமார். ஆனா ஆம்பளைங்க இருக்கற சபையில பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு ஏழாம் விதி இருக்கு. மனுவா எழுதிக் குடு.”

“எழுதக் கத்துக்கிட்டா சவுக்கடின்னு அங்க ஒரு விதி இருந்துச்சுங்க.”

“அதனாலென்ன, செயலாளர் எழுதித் தருவார்.”

எழுதித் தந்தேன். முதல் படியில் ‘ஓடிப்போக’ என்றிருந்தது. சபைக்கு ஆகாத சொல். இரண்டாம் படியில் ‘தப்பிக்க’. கொஞ்சம் பதற்றமாகத் தொனித்தது. மூன்றாம் படியில் ‘இடம்பெயர’ என்று போட்டதும் மனு ஓர் அந்தஸ்துக்கு வந்தது. மணி மூன்றே முக்கால்.

வண்டி தரலாமென்று முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். அதற்குள் திருமதி த்ரால் தன் கணவரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையையும் துணியையும் ஆறு வருடமாகத் தொடாத உத்தமி. கணவர் படித்தார்: வண்டி மெத்தையின் உறை பருத்தி. அதன்மேல் ஒரு விடுதலை பெற்ற ஆத்மா எப்படி உட்காரும்?

“அந்தப் பருத்தி நான் பறிச்சதாக்கூட இருக்கும்மா,” என்றாள் தாமார். “நான் உக்காந்தா அது கோவிச்சுக்காது.”

ஏழாம் விதி மீண்டும் வாசிக்கப்பட்டது. மெத்தைக்குப் பதில் கம்பளி விரிப்பது என்று முதல் திருத்தம் நிறைவேறியது. கம்பளி யார் வீட்டிலிருந்து என்பது இரண்டாம் திருத்தம்.

அடுத்து மதுவிலக்குப் பிரிவின் பொமராய் எழுந்தார். “வண்டி சரி, ஓட்டறது யாரு? சதுப்பு நிலத்துல வழி தெரிஞ்சவன் எதிர்ல ஆப்பிள் சாராயம் காய்ச்சற டட்டில் ஒருத்தன்தான். குடிக்க மாட்டேன்னு உறுதிமொழியில கையெழுத்துப் போடாத வாய் அது! அந்த வாடையில விடுதலை வேணுமா?”

“எனக்கு வேணுங்க,” என்றாள் தாமார். குறிப்பில் ஏற்றப்படவில்லை.

டட்டிலிடம் கையெழுத்து வாங்க மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு போன வேகத்தில் திரும்பியது. பின்னாலேயே டட்டில், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

“ஏம்மா, கப்பலுக்கா போகணும்? அழுகல் ஆப்பிள் ஏத்தின வண்டி ஒண்ணு நிக்குது. பின்னால ஏறிப் படு, சாக்கை இழுத்து மூடிக்க.”

“டட்டில்! இன்னும் ஓட்டெடுப்பே நடக்கலையே!” என்று பொமராய் துடித்தார்.

“நடத்துங்க சாமி, நடத்துங்க. யாரு வேண்டாம்னா?”

வாசல்வரை போன தாமார் திரும்பினாள். “உங்க துணியெல்லாம் கொடியில காயுது. மழை வர்றதுக்குள்ள எடுத்துக்குங்க.” எங்கள் உபகாரங்களுக்கு அவள் சொன்ன நன்றி இவ்வளவே.

நான் கடமை தவறவில்லை. ‘மாலை 4.20: மனுதாரர் தலைவரின் அனுமதியின்றி, திரு. டட்டிலின் ஆப்பிள் வண்டியில், வடக்குச் சதுப்புப் பாதை வழியாக வெளியேறினார்’ என்று எழுதினேன். பிறகு கூட்டம் தொடர்ந்தது. ஐந்தரைக்கு, நான்கு திருத்தங்களுடன், வண்டி தருவதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் ஓய்வதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. கனெக்டிகட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர் முறைப்படி ஞாயிறு ஓய்வுநாள் சனிக்கிழமை அஸ்தமனத்திலேயே தொடங்கிவிடும். அதற்குப்பின் வண்டி கட்டுவது பாவம். ஆகவே தீர்மானம் திங்கட்கிழமை முதல் அமலுக்கு வரும் என்று ஐந்தாம் திருத்தம் சேர்த்தோம். டீக்கன் நடந்தே வீட்டுக்குப் போக ஆயத்தமானார். அவர் குதிரை தேவாலயக் கொட்டிலில் ஓய்வுநாளை அனுசரித்தது.

சரியாக ஆறு மணிக்கு மார்ஷல் வந்தார். “அவளுக்கு ஒத்தாசை பண்ணினது யாரு? ஆறு மாசம் உள்ள போகணும், தெரியுமில்ல?”

டீக்கன் வேதாகமத்தின்மேல் கை வைத்தார். “எங்கள்ல ஒருத்தரும் சுண்டு விரலைக்கூட அசைக்கலைங்க.”

“எப்படி நம்பறது?”

பொய்யே எழுதியறியாத என் நோட்டை நீட்டினேன். மார்ஷல் ஒரு பக்கம்தான் படித்தார். என் கையைக் குலுக்கிவிட்டுச் சத்திரத்துக் குதிரை ஒன்றில் தாவி வடக்கே பறந்தார். அவர் கரை சேர்ந்தபோது கப்பல் தாமாரோடு கனடா பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலி வண்டியும் டட்டிலும்தான் அகப்பட்டார்கள்.

வழக்கு நடந்தது. எங்கள் நாற்பத்தோரு உறுப்பினர்களும் வரிசையாகக் கூண்டேறி, அந்தப் பெண்ணுக்காக ஒன்றுமே செய்யவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒவ்வொரு சத்தியமும் உண்மை. என் குறிப்பு சாட்சியமாக ஏற்கப்பட்டது. நீதிபதி கையெழுத்தின் தெளிவை வெகுவாகப் பாராட்டினார். டட்டிலுக்கு ஆறு மாதம்.

இவ்வாண்டு அறிக்கையில் எல்லாவற்றையும் பெருமையோடு சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு வரியில் மட்டும் பேனா நகரவில்லை. அடிமைத்தனத்துக்கு எதிராக நடந்துகொண்டதாக எல்ம்ஃபீல்டில் நீதிமன்றம் ஆதாரத்தோடு நிரூபித்திருப்பது ஒரே ஒருவரைப் பற்றித்தான். அவர் எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.